செங்கல்லை முத்தமிடுவதற்கு முன்: இண்டியானாபொலிஸ் ஸ்பீட்வே நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் உள்ள உங்கள் கார் பந்தயக் களத்தில் ஜெயித்தவர்கள் மண்டியிட்டு, தொடக்க-முடிவுக் கோட்டில் மிச்சம் வைத்திருக்கும் செங்கல் பட்டையை முத்தமிடுவதை உலகமே டிவியில் பார்க்கிறது. அந்தச் செங்கல் அங்கே வந்த கதையை, வருகிறவர்களிடம் மழுப்பாமல் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் களத்தை நிறுவியவர்களில் ஒருவரான கார்ல் ஃபிஷர் என்றாலே பலூன் கதைதான் முதலில் வரும். 1908-ல் ஒரு காரைப் பலூனில் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து ஊருக்கு மேலே பறந்தார். எடை குறைய எஞ்சினைக் கழற்றியிருந்தார்கள். திரும்பி ஓட்டிவந்தது அதே மாதிரி வேறொரு கார்! பார்வை மங்கல் காரணமாகச் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டவர், சைக்கிள் கடைக்காரர், பந்தய ஓட்டுநர், அந்தக் காலத்துக் கார் விளக்கில் எரிக்கும் எரிவாயுவை விற்றுப் பணக்காரர் ஆனவர். சரி, சுவாரசியமான ஆள்தான்.

ஆனால் 1909 ஆகஸ்ட்டில் அவரும் கூட்டாளிகளும் திறந்த களம், உடைத்த கல்லும் தாரும் கலந்து போட்டது. கார்கள் ஓட ஓடப் பெயர்ந்துபோனது. முதல் நாளே ஓட்டுநர் வில்லியம் போர்க்கும் காரில் அவரோடு உட்கார்ந்து வந்த மெக்கானிக் ஹாரி ஹால்கம்பும் இறந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு கார் வேலியை உடைத்துக்கொண்டு கூட்டத்தில் பாய்ந்தது. மெக்கானிக் கிளாட் கெல்லமும் வேடிக்கை பார்க்க வந்த இருவரும் இறந்துபோனார்கள். 300 மைல் பந்தயத்தை 235 மைலில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டே சுமார் 32 லட்சம் செங்கற்களைப் பதித்தார்கள். 1911-ல் முதல் 500 மைல் பந்தயம் ஓடியது அதன்மேல்தான்.

நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை லிங்கன் நெடுஞ்சாலை வேண்டும் என்று 1912-ல் அவர் கிளம்பியதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தர்மசிந்தனை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல சாலை இருந்தால்தானே கார் விற்கும்! ஹென்றி ஃபோர்டு காசு தர மறுத்தார், சாலை போடுவது அரசாங்கத்தின் வேலை என்று. ஃபிஷர் விடவில்லை. அப்புறம் வடக்கிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போகும் டிக்ஸி நெடுஞ்சாலை, ஃப்ளோரிடாவிலேயே மயாமி பீச் நகரம் என்று அடுத்தடுத்து இறங்கினார். சம்பாதித்ததில் பெரும்பகுதியை 1929-க்குப் பிறகு இழந்து, 1939-ல் காலமானார்.

பலூன் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே, செங்கல் பட்டையருகே வழிகாட்டி பேச்சைத் தொடங்கும்போது, அந்த ஐந்து பேரையும் பெயர் சொல்லித் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு பந்தய ரசிகன்