பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: பார்த்தீனியச் செடிகளைப் பூக்கும் முன் அகற்றுதல், ஒவ்வாமை மருந்துகளை ஆடிக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு வைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் ஊரில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) கிளை வாய்க்கால் கரையிலும், சைட் போட்டு விற்று வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளிலும், பள்ளிக்கூடத்தின் பின்புறப் புறம்போக்கிலும் ஒவ்வாமை தரும் களைச்செடியான பார்த்தீனியம் இடுப்பளவுக்கு மண்டியிருக்கிறது. இதை அகற்றக் கேட்டுச் சென்ற ஆண்டே மனு கொடுத்தோம். ஆள் விட்டு வெட்டிக் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் வெட்டியது ஆடி மாதம், செடி வெள்ளை வெளேரென்று பூத்து நின்ற நேரம். மிஷின் வைத்து அடித்ததில் பூவும் தூளும் தெரு முழுக்கப் பறந்தன. வெட்டிய ஆளுக்கே சாயங்காலத்துக்குள் இமை இரண்டும் வீங்கி, கழுத்தும் முழங்கை மடிப்பும் தடித்துச் சிவந்துவிட்டன. வெட்டிப் போட்ட செடியை யாரும் அள்ளவில்லை. அங்கேயே காய்ந்து, விதையைக் கொட்டியது. வேர் மண்ணிலேயே இருந்ததால் அடித்தூரும் மறுபடி துளிர்த்தது.

ஆகவே இந்த முறை எங்கள் கோரிக்கை வேலையைப் பற்றியது மட்டுமல்ல, வேலை நடக்கும் மாதத்தைப் பற்றியது. பூத்த பிறகு மிஷின் விட்டு வெட்டுவதைவிட வெட்டாமல் விடுவதே மேல்.

குளிர்நாடுகளைப் போல நமக்கு வசந்தகாலம் என்று ஒரே மகரந்தப் பருவம் கிடையாது. ஈரம் கிடைத்தால் பார்த்தீனியம் ஆண்டு முழுவதும் முளைக்கும், முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் பூக்கும். எங்கள் பகுதியில் சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கு முளைப்பது ஆனிக் கடைசியில் பூத்துவிடுகிறது. அடுத்து ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றின் வேகத்தை, காற்றாலைகள் நிற்கும் மாவட்டத்தின் ஆட்சியரான தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது சுற்று ஐப்பசி மழையோடு தொடங்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் கரையோரத்தில் மூன்றாவதும் உண்டு.

ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். 1955 வாக்கில் புனேயில் கண்டறியப்பட்ட இந்த அமெரிக்கக் களை நாடெங்கும் பரவியதற்கு அது ஒன்றே போதும். இதன் மகரந்தம் தும்மலையும் மூக்கடைப்பையும் இளைப்பையும் கிளப்புகிறது. செடியிலுள்ள பார்த்தெனின் என்ற பொருள் தோலைப் பதம் பார்க்கிறது; காய்ந்த சருகுத் தூள் பட்டாலும் அரிப்பு வரும். இது செவ்வந்தியின் குடும்பம் என்பதால், இந்த ஒவ்வாமை வந்த சிலருக்குச் செவ்வந்திப் பூவும் ஆகாமல் போகிறது. பூக்கட்டிப் பிழைக்கும் பெண்களுக்கு அது வருமானத்தில் விழும் அடி.

எல்லாத் தும்மலையும் பார்த்தீனியத்தின் தலையில் கட்ட நாங்கள் வரவில்லை. இது தறி ஊர், பஞ்சுத்தூசியும் இருக்கிறது. எது யாருக்கு ஆகவில்லை என்பது பரிசோதித்தால்தான் தெரியும், அந்த வசதிதான் இங்கே இல்லை. மருந்துக்கடையில் "அலர்ஜி மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு நைட் ஷிப்டுக்குப் போகிறார்கள். பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். ஓடும் தறிக்குள் கைவிட்டு அறுந்த இழையை எடுத்து முடிபோடுகிறவர் கண்சொருகி நிற்பது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு "சரியாகிவிட்டது" என்று சொல்பவர்களும் உண்டு. அதைப் பற்றி மருத்துவர்களே ஊருக்கு வந்து பேசினால் நல்லது.

ஆகவே தாங்கள் கனிவுடன் உத்தரவிட வேண்டுவது:

கோடை மழை விழுந்த மூன்று வாரத்துக்குள் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முறை, மண் ஈரமாக இருக்கும்போதே செடியை வேரோடு கையால் பிடுங்க வேண்டும். பிடுங்குபவர்களுக்குக் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை தர வேண்டும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களை இந்த வேலையில் விடக்கூடாது. பூக்காத செடியை மக்கவைத்து உரமாக்கலாம், எரிக்க வேண்டாம். பயிர் செய்யாத தரிசில், கிணறு இல்லாத இடமாகப் பார்த்து, லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துத் தெளிக்கலாம். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி இதுவே வரும் என்பதால், அங்கே துத்தி விதைக்கலாம். மெக்சிகோவிலிருந்து 1984இல் கொண்டுவரப்பட்ட, இந்தச் செடியின் இலையைத் தின்னும் வண்டுகளை மழைக்காலத்தில் விட முடியுமா என்று கோவை வேளாண் பல்கலைக்கழகத்திடம் கேட்டுத் தர வேண்டும். காலி மனைகளின் உரிமையாளர்களுக்கு வைகாசியிலேயே நோட்டீஸ் போக வேண்டும். பலர் வெளியூரில் இருப்பதால், நோட்டீஸோடு நிறுத்தாமல் அகற்றிவிட்டுச் செலவை அவர்களிடம் வசூலிக்கவும் கோருகிறோம்.

மருந்தும் அப்படியே, முன்கூட்டியே வர வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தர ஓரிரு வாரம் பிடிக்கும். ஆவணியில் வந்து சேர்ந்தால் எங்களுக்குப் பயனில்லை. அதையும், தூக்கம் அதிகம் தராத மாத்திரைகளையும், குழந்தைகளுக்கு ஸ்பேசருடன் (மருந்தை எளிதாக உள்ளிழுக்க உதவும் குழாய்) இன்ஹேலரையும் ஆனி முதல் வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு வைக்கவும், தோலுக்கு எது ஆகவில்லை என்று காட்டும் ஒட்டுப் பரிசோதனை தேவைப்படுவோரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து அனுப்பவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், செடிகள் மண்டியுள்ள இடங்களின் புகைப்படங்கள், சென்ற ஆண்டு மனுவின் ஒப்புகைச் சீட்டு நகல்.