இரண்டு ஆப்ஷன்கள் சேரும் இடம்

அன்பு மகளுக்கு,

மென்பொருளின் ஆப்ஷன்கள் சேரும்போது வரும் பக்குகளை, அதாவது பிழைகளை, ஆராயும் நீ "எண்ணிக்கையே ஆளை விழுங்கிவிடுகிறதுப்பா" என்று போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. மலைப்பாகத்தான் இருக்கும். ஒன்றையொன்று சாராத ஆன்-ஆஃப் ஆப்ஷன்கள் 33 இருந்தாலே ஏறத்தாழ 859 கோடி கன்ஃபிகரேஷன்கள், அதாவது எது ஆன், எது ஆஃப் என்ற சேர்க்கைகள். உலகத்தில் ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிஞ்சும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஆப்ஷன்களே 10,000-க்கு மேல்.

ஆனால் நான் வேலையில் பார்த்தது வேறு மாதிரி. எங்கள் பேக்கப் மென்பொருளில் ஃபைலைச் சுருக்க ஒரு ஆப்ஷன், என்கிரிப்ட் செய்ய ஒரு ஆப்ஷன். தனித்தனியாக டெஸ்ட் செய்தோம், இரண்டும் சரி. இரண்டையும் சேர்த்து ஆன் செய்த ஒருவருக்கு மட்டும் ஃபைல் திரும்பி வரவில்லை. சுருக்கும் கோட் நீளத்தைக் குறித்து வைத்தது. அதன் பிறகு என்கிரிப்ஷன் சில பைட்களைக் கூட்டியது. படிக்கும்போது பழைய நீளத்தோடு நின்றுவிட்டது. கடைசிச் சில பைட்கள், அவ்வளவுதான். கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மனிதரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

வெப் ஆப்களை உருவாக்கித் தரும் ஜேஹிப்ஸ்டர் கருவியைப் பற்றிய ஆய்வு உனக்குத் தெரிந்ததுதான். 26,256 கன்ஃபிகரேஷன்களையும் ஒன்று விடாமல் ஓட்டினார்கள், சுமார் 36 சதவீதம் தோற்றன. காரணத்தைத் தோண்டினால், ஆப்ஷன்கள் மோதிக்கொண்ட ஆறே ஆறு இடங்கள்! ஆயிரக்கணக்கான தோல்விக்குப் பின்னால் ஆறு.

அதனால் சொல்கிறேன், டெஸ்ட் செய்யச் சில கன்ஃபிகரேஷன்களை மட்டும் பொறுக்கித் தரும் சாம்பிளிங் கருவியைக் கொஞ்சம் தள்ளி வை. முதலில் பக்குகளைப் படி. அபால், பிராப்ராண்ட், வசோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2014-இல் அதைத்தானே செய்தார்கள்? கெர்னலின் கமிட்களை, அதாவது கோடில் செய்த மாற்றங்களின் பதிவுகளை, துழாவி 42 பக்குகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கெர்னல் இல்லாமலே ஓடும் சின்ன நிரலாகச் சுருக்கினார்கள். ஏதோ ஒரு ஆப்ஷன் ஆஃப் ஆக இருந்தால் மட்டுமே தலைகாட்டும் பக்கும் அதில் உண்டு. உட்கார்ந்து படிக்காமல் அது கண்ணில் பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், பக் ரிப்போர்ட்டை மட்டும் படித்து நிறுத்தாதே. திருத்திய கமிட்டையும் பார். எந்த இஃப்டெஃப் (ஆப்ஷனைப் பொறுத்து கோடைச் சேர்க்கும் அல்லது விட்டுவிடும் வரி) எங்கே நகர்ந்தது என்று பார்த்து, ஒரு நோட்டில் கையால் எழுது. வேகம் குறையும், பரவாயில்லை. உன் கைடு கேட்டால் நீயே விளக்கு, உன்னால் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். நோட்டில் எழுதிய முதல் பக்கை எனக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா