நமக்குக் கடல் மேற்கே

உடுமலை,
ஆடி 10

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

கடிதம் கிடைத்தது. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டியாச்சு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும் பார்த்தாச்சு, ஓலை மேல் படிந்த கருப்பு போகவில்லை. மருந்தடித்து ஜெயித்தவன் யாரையும் நான் பார்க்கவில்லை. அந்த ஈயைத் தின்று அழிக்கிற ஒட்டுண்ணிக் குளவி பெருகும்வரை பொறுத்திருப்பதுதான் வழி. சரி, அதை நேரில் பேசலாம்.

பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். "நம்ம ஊருக்குப் பக்கத்துக் கடல்ல திமிங்கலம் இருக்குதா அப்பாரு?" என்று கேட்டாளாம், நீ ராமேஸ்வரத்தைக் காட்டித் தப்பித்துக்கொண்டாயாம். ஆனைமலை எங்கே, ராமேஸ்வரம் எங்கே மாப்பிள்ளை! உன் தோப்புக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆழியாறு எங்கே போகிறது? கேரளத்துக்குள் இறங்கி, பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் அரபிக்கடலில் விழுகிறது. எங்கள் அமராவதி காவிரியில் சேர்ந்து கிழக்கே போகிறது. ஆக, நீ அரபிக்கடல்காரன். தைரியமாக அவளிடம் இருக்கிறது என்று சொல்.

அங்கே ஒரு கூனல் முதுகுத் திமிங்கலக் கூட்டம் இருக்கிறது. மற்றக் கடல்களில் இந்த இனம் கோடையில் துருவப் பக்கம் போய் வயிற்றை நிரப்பிக்கொண்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். அரபிக்கடல் கூட்டத்துக்கு வடக்கே வழியில்லை, ஆசியாவே குறுக்கே கிடக்கிறது. தெற்கே துருவத்துக்கும் அது போவதில்லை. தீனி, குட்டி, குடும்பம் எல்லாம் இந்தக் கடலுக்குள்ளேயே. சுமார் 70,000 ஆண்டுகளாக மற்றவற்றோடு கலக்காமல் தனித்து இருக்கிறது என்று மரபணு ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆண் பாடும் பாட்டுகூட மற்றக் கடல்களில் கேட்பதுபோல் இல்லை.

வெப்பக் கடலில் அவ்வளவு பெரிய உடம்புக்கு எப்படித் தீனி கிடைக்கிறது? வேறொன்றுமில்லை, இப்போது நம் கூரையை ஆட்டிக்கொண்டிருக்கிற காற்றுதான் காரணம். தென்மேற்குக் காற்று கடல் மேல் ஓடும்போது, பூமி சுழல்வதும் சேர்ந்துகொண்டு, மேல்தண்ணீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது, கீழே தங்கிக் கிடந்த சத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு. குளத்து வண்டலைக் காட்டுக்கு அடித்த மாதிரி என்று வைத்துக்கொள். வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், அதைத் தின்று சிறு இறால் வகைகளும் மத்தியும் பெருகும், அப்புறம் திமிங்கலம் வாயைத் திறக்கும். ஓமன் கரையில் இது ரொம்ப வலு. கேரளக் கரையிலும் ஆனி தொடங்கி ஆவணிவரை நடக்கிறது. அந்தக் காற்றில் ஒரு பங்கு, சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, பூளவாடிக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. காற்றாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் யாரும் திமிங்கலத்தோடு பங்காளி ஆவோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். 1966 நவம்பரில் சோவியத் கப்பல்கள் விதியை மீறி இந்தக் கடலில் 200க்கும் மேற்பட்ட கூனல் முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றன. இன்று மொத்தமே நூறு தேறாது என்கிறார்கள். வலையில் சிக்குவதும் கப்பல் மோதுவதும் இப்போதைய ஆபத்து. 2017இல் ஓமன் கரையில் ஒரு பெண் திமிங்கலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, லுபான் என்று பெயர் வைத்தார்கள். அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து நம் மேற்குக் கரைக்கு வந்து, தெற்கே குமரிமுனைப் பக்கம்வரை போயிற்று. பேத்திக்கு இதைச் சொல், பிடிக்கும். நம் ஆட்களுக்கோ பேப்பரில் "திமிங்கல வாந்தி பிடிபட்டது" என்று வந்தால்தான் திமிங்கலமே ஞாபகம் வருகிறது. அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது, அதை விற்பது சட்டப்படி குற்றம்.

எனக்குக் கவலை மத்தியைப் பற்றித்தான். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடித்தார்கள். 2021இல் வெறும் 3,300 டன் சொச்சம். அப்புறம் கொஞ்சம் தேறியது. குஞ்சு மீனையும் சேர்த்து அரித்தது உண்மைதான், ஆனால் கடல் சூடேறியதும், பசிபிக் கடல் அவ்வப்போது சூடாகிப் பருவத்தையே புரட்டிப்போடுகிற எல் நினோவும் இருக்கும்போது எல்லாப் பழியையும் மீன்பிடிக்கிறவன் தலையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. நமக்கு மழை தவறுகிற மாதிரி அவனுக்குக் கடல் தவறுகிறது.

சின்னவளுக்கு ஜாதகம் எடுத்திருக்கிறோம். காங்கயம் பக்கம் ஒரு இடம், தோட்டம் துரவோடு நல்ல குடும்பம். பையனைப் பற்றி உன் சம்பந்தியிடம் விசாரித்துச் சொல். ஆவணிக்குள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, மத்திக் குழம்பு வைக்கச் சொல்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டால் இந்த வீட்டில் மீன் சட்டியை அட்டத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அன்புடன்,
நடராசன்