தன் மனத்தைப் படிப்பதும் பாடமே

ஆசிரியருக்கு,

உளவியல் ஆலோசனை முதுநிலை வகுப்புகளில், மனிதப் பாலியல் குறித்துத் தாம் கொண்டுள்ள மனப்பான்மைகளையும் விழுமியங்களையும் மாணவர்கள் தாமே ஆராய்ந்து எழுதும் பயிற்சி, அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்று தங்கள் தலையங்கம் கூறியிருந்தது. அக்கவலை நியாயமானதே; ஆயினும் பயிற்சியையே கைவிட வேண்டும் என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. ஒருவரின் நம்பிக்கையை மாற்றுவது அதன் நோக்கமன்று. அந்த நம்பிக்கை எந்த இடத்தில் தீர்ப்பாக மாறி, ஆலோசனை நாடி எதிரே அமர்ந்திருப்பவரின் வாயை அடைக்கிறது என்பதை மாணவரே கண்டுகொள்ளச் செய்வதே நோக்கம். தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல்தான் நீக்கியது. அதுவரை சமூகத்தின் ஒவ்வாமையே அறிவியல் என்ற பெயரில் கற்பிக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது.

ஆலோசகராக என் தொடக்க ஆண்டுகளில், அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி தம் தாம்பத்திய விருப்பம் குறித்துப் பேசத் தொடங்கியபோது, என்னையறியாமல் பேச்சை அவருடைய பேரப்பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டேன். அவர் மறுமுறை வரவில்லை. முதுமையில் பாலுணர்வு இருக்கலாகாது என்ற எண்ணம் எனக்குள் ஒளிந்திருந்ததை அன்றுதான் அறிந்தேன். அதற்கு முன் எந்த வகுப்பும் அதை எனக்குக் காட்டித் தரவில்லை. எனவே, பயிற்சியைக் கட்டாயமாகவே வைத்து, மாணவர் எழுதும் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் இடாமல், அதை அவரிடமே விட்டுவிட்டு, விடைத்தாள் திருத்தும் பேராசிரியர் அல்லாத ஒருவர் அந்த அமர்வுகளை வழிநடத்துமாறு பல்கலைக்கழகங்கள் விதி வகுக்கலாம்.