முதல் சம்பளத்துக்கு முந்தைய 40 நாட்கள்

கடலோரப் பெருநகரங்களில் புதுப் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம்.

கல்லூரி முடித்த கையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்படியொரு நகரத்துக்கு வேலைக்குப் போனவன் நான். நியமனக் கடிதம் வந்த அன்று, அதிலிருந்த ஆண்டுச் சம்பளத்தை 12ஆல் வகுத்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். வாடகைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, கல்விக்கடனுக்கு இவ்வளவு, வீட்டுக்கு அனுப்ப இவ்வளவு. கணக்கு சரியாகத்தான் வந்தது. அந்தச் சம்பளம் கைக்கு வரும் முன்பே ஆகப்போகும் செலவை மட்டும் நான் எழுதவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அன்று எனக்குத் தெரியாது.

நான் சேர்ந்தது ஒரு மாதத்தின் 20ஆம் தேதி. அந்த மாதச் சம்பளப் பட்டியலை அதற்குள் முடித்துவிட்டார்கள். அதனால் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வந்தது. இடையில் 40 நாட்கள். வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, தரகர் கூலி, ஒரு மெத்தை, பயணச் சீட்டு எல்லாம் அந்த நாட்களுக்குள்ளேயே கேட்டன. அப்பா யாரிடமோ வாங்கி அனுப்பினார். யாரிடம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிறுவனம் இடமாற்றத் தொகை தருவதாகச் சொல்லியிருந்தது உண்மைதான். ஆனால் முதலில் நான் செலவு செய்ய வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும், அப்புறம் அவர்கள் தருவார்கள். அந்தப் பணம் வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தரகர் ரசீது தராததால் அந்தக் கூலி கடைசி வரை வரவே இல்லை.

சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. தருவதாக நீங்களே ஒப்புக்கொண்ட பணத்தை, அது தேவைப்படும் நாளில் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடலோர நகரங்களில் வாடகை ஏறிக் கிடப்பதற்கு நிலமும் ஒரு காரணம். உள்நாட்டு நகரம் நாலா பக்கமும் விரியலாம். கடற்கரை நகரத்துக்குப் பாதி வட்டம் தண்ணீர். சான் பிரான்சிஸ்கோவுக்கு மூன்று பக்கம் நீர். மும்பையின் பழைய பகுதியே ஏழு தீவுகளை இணைத்து உருவான நிலம். அமெரிக்கப் பெருநகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் கடலும் சதுப்பும் செங்குத்துச் சரிவும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று பொருளியலாளர் ஆல்பர்ட் சாயிஸ் அளந்து பார்த்து 2010இல் வெளியிட்டார். புதிய வீடுகள் எளிதில் பெருக முடியாத நகரங்களில் பெரும்பாலானவை இப்படி இயற்கையே நெருக்கிப் பிடித்த நகரங்கள் என்று அவர் காட்டினார். கட்டட விதிகளும் இந்த நெருக்கடியைக் கூட்டுகின்றன, அது வேறு கதை. 22 வயதில் வந்து இறங்கும் ஒருவரால் இவற்றில் எதையும் மாற்ற முடியாது. உங்களாலும் முடியாது, சரி. ஆனால் பணம் தரும் தேதியை உங்களால் மாற்ற முடியும்.

வீட்டுக்காரர் கேட்கும் சான்றுகள் அடுத்த சிக்கல். நியூயார்க்கில் மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எட்டாவிட்டால், அதைவிட அதிக வருமானமுள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற நகரங்களில் விதி வேறாக இருக்கும். ஆனால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பது பல இடங்களிலும் உண்டு. இன்னும் வேலையில் சேராதவரிடம் ஏது சம்பளச் சீட்டு? என் நியமனக் கடிதத்தைப் புரட்டிப் பார்த்த ஒரு வீட்டுக்காரர், இதெல்லாம் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே என்றார். அன்று உங்கள் துறையிலிருந்து யாராவது ஒருவர் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும், அந்த வீடு கிடைத்திருக்கும்.

முன்பணத்தின் சுமையைச் சில அரசுகள் புரிந்துகொண்டிருக்கின்றன. ஜெர்மனியில் அது மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைக்கு வருபவருக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தில் 2019 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு 5 வார வாடகைதான் உச்சவரம்பு. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. முன்பின் தெரியாத வீட்டுக்காரரையே தவணைக்கு ஒத்துக்கொள்ள வைக்கிறது சட்டம். சொந்த ஊழியருக்கு நீங்கள் முன்கூட்டிக் கொடுப்பது அவ்வளவு கடினமான காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, இடமாற்றத் தொகையை ரசீதுக்குப் பிறகு தருவதை விட்டுவிட்டு, சேரும் நாளுக்கு முன்பே வங்கிக் கணக்கில் போடுங்கள். வரி போக எவ்வளவு மிஞ்சும் என்பதையும் கடிதத்திலேயே எழுதுங்கள். அமெரிக்காவில் 2018 முதல் பெரும்பாலான ஊழியர்களுக்கு இந்தத் தொகையும் வரிக்குரிய வருமானம்தான். முழுத் தொகையை நம்பி முன்பணம் பேசிவிட்டு நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாத நடுவில் சேருகிறவருக்கு வேலை செய்த நாட்களின் சம்பளத்தை அந்த மாதமே தனியாகக் கொடுங்கள், அல்லது முதல் தேதியில் சேரச் சொல்லுங்கள். ஓராண்டுக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. வேலை செய்த மாதங்களைக் கழித்து மீதியை மட்டும் கேட்பதுதான் நியாயம். நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் ஒரு காசும் கேட்கக் கூடாது.

இன்னொன்று, பணம் அதிகம் வேண்டாத உதவி. புதிதாக வருகிறவர்கள் தொலைவிலிருந்தே இணைய விளம்பரத்தைப் பார்த்து வீடு பேசுகிறார்கள். இல்லாத வீட்டைக் காட்டி முன்பணம் பறிக்கும் மோசடிக்காரர்களுக்கு இவர்கள்தான் வாகான இரை. அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் ஊழியர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். கடலோரத்தில் வாடகை மலிவாகக் கிடைக்கும் தரைத்தளம் தாழ்வான பகுதியில் இருக்கலாம். பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். நான் எடுத்த முதல் அறை அப்படிப்பட்ட தரைத்தளம். அந்த மெத்தை ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

எந்தக் கிளையில் வேலை, வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்பதை, வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். நகரத்தின் ஒரு கோடியில் வீடு எடுத்த பிறகு மறுகோடிக் கிளைக்கு மாற்றப்பட்ட நண்பன், ஒப்பந்தம் முடியும் வரை தினமும் நான்கு மணி நேரம் பயணத்திலேயே கழித்தான்.

அடுத்த தொகுதிக்கான நியமனக் கடிதங்களை இப்போது நீங்கள் தயார் செய்துகொண்டிருப்பீர்கள். அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “இடமாற்றத் தொகை, நீங்கள் பணியில் சேரும் நாளுக்கு 15 நாள் முன்பே உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும்.” கூடவே, வீட்டுக்காரர் அழைத்தால் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

அன்புடன்,
20ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்த ஒருவன்