வாஸ்தான் முயலின் குதிகாலைக் காத்த கைகளுக்கு நன்றி

வணக்கம்.

குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் உள்ள வாஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, சுமார் 5.3 கோடி ஆண்டுப் பழமையான முயலினக் கால் எலும்புகளைப் பற்றிக் கென்னத் ரோஸ், ராஜேந்திர ராணா, அசோக் சாஹ்னி, தியரி ஸ்மித் முதலானோர் 2008இல் எழுதினார்கள். அவர்களுக்கும், இத்தகைய வேலையில் பெயர் வெளியே வராமல் உழைக்கும் எல்லோருக்கும் இந்த மடல்.

சுரங்கத்தாருக்கு முதல் நன்றி. எலும்புள்ள களிமண் நிலக்கரிக்குச் சற்று மேலே, மெல்லிய திட்டுகளாகத்தான் இருக்கிறது. மேல்மண் அள்ளும் இயந்திரம் அதைக் கடந்துவிட்டால் அந்த இடம் போனதுதான். ஆய்வாளர்களை உள்ளே விட்டதே பேருதவி.

மண் கழுவுகிறவர்களே, உங்கள் பொறுமைக்கு ஈடில்லை. சில மில்லிமீட்டர் எலும்பைத் தரையில் பார்த்துப் பொறுக்க முடியாது, 0.5 மி.மீ. சல்லடைதான் பிடிக்கும். களிமண்ணை முதலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரக் களிமண் நீரில் உருண்டையாகவே கிடக்கும். காய்ந்தது நீரை உறிஞ்சித் தானே உதிரும். உதிராத கட்டியை மறுபடி காயவைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வடித்துவிட்டுத் தண்ணீரில் போடலாம். குழாயால் பீய்ச்சினால் குதிகால் எலும்பு ஒடிந்துவிடும். சல்லடையைத் தொட்டி நீரில் மெல்ல அலைப்பதே சரி. ஹைட்ரஜன் பெராக்சைடு இங்கே வேண்டாம்: நிலக்கரி மண்ணில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருக்கும், அதை இது அரித்து அமிலமாக்கும், அமிலம் எலும்பைத் தின்னும்.

நுண்ணோக்கியில் பொறுக்குகிறவர்களுக்கும் நன்றி. எலும்பு கறுத்திருந்தால் வெள்ளைத் தட்டில் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் எடுக்க வேண்டும். இடுக்கி பட்டால் நொறுங்கும்.

இன்றைய முயல், அதன் உறவான பைக்கா என்ற சிறு விலங்கு ஆகியவற்றின் எலும்புக்கூடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் இல்லாவிட்டால் இவற்றை அடையாளம் கண்டிருக்கவே முடியாது. முயலினக் குதிகால் எலும்பைச் சாய்வாகத் துளைத்துச் செல்லும் குழல் ஒன்று உண்டு, நல்ல அடையாளம் அது. வாஸ்தான் எலும்புகள் பைக்காவைவிட முயலுக்கே நெருக்கமாக இருந்தன. அப்படியானால் முயல், பைக்கா ஆகிய இரு கிளைகளும் அதற்கு முன்பே பிரிந்திருக்க வேண்டும். பல் ஒன்றும் இல்லாமல், கால் எலும்புகளை மட்டும் வைத்து இவ்வளவு சொல்ல முடிந்தது எங்களுக்கு இன்னும் வியப்புதான்.

கடைசியாகக் காப்பாளர்களுக்கு. எலும்பை உறுதியாக்கும் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் 3 முதல் 5 சதவீதம் கரைத்து, முழுக்க உலர்ந்த எலும்பில் மட்டும் பூசுகிறீர்கள். ஈரமிருந்தால் வெள்ளை பூத்துவிடும். பெட்டியின் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் சிலிக்கா ஜெல்லை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். மிக்க நன்றி.

அன்புடன்,
சிற்றெலும்புப் புதைபடிவங்களைப் படிக்கும் நண்பர்கள்