படம் மட்டும் போதாது, எழுத்தாகவும் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய்வந்தேன். 'அனைவரையும் உள்ளடக்கிய டிஜிட்டல் மனிதவியல்' என்று தலைப்பு. ஏட்டுச் சுவடி, கல்வெட்டு, வில்லுப்பாட்டு, பழைய பத்திரிகை எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவருவது, அதில் யாரும் விடுபடாமல் பார்ப்பது, இதுதான் விஷயம். நான் தக்கலைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளை வைத்துத்தான் என் படிப்பும் வேலையும் நடக்கிறது.

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. போன் 'படம்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. சரி, நிகழ்ச்சி நிரலையாவது அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினால் அது பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் அம்மா என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா தெரியும், உள்ளே கிடப்பதோ ஆங்கில எழுத்து, ஆகவே என் காதில் விழுவது 'எம், கே, செமிகோலன், கே, எச்'. இரண்டு பக்கமும் இப்படியே ஓடியது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினிக்குள் வைக்கும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்று அறிவித்துவிட்டது, இன்னும் நாம் பாமினியை விடவில்லை. கருத்தரங்கக் கூடம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. சக்கர நாற்காலியில் வந்த நண்பரை மாணவர்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், ஆனால் அவர் அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை, கழிப்பறைக்கு மறுபடியும் தூக்கச் சொல்ல வேண்டுமே என்று.

முதல் நாள் சுவடிகளைப் பற்றிய அமர்வு. கவிமணி தேடிப்பிடித்து ஆராய்ந்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், நாஞ்சில்நாட்டு நிலம், வரி, வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது அல்லவா. அப்புறம் ஒரு தொகுப்பைத் திரையில் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள், அத்தனையும் ஸ்கேன் செய்த படங்கள். ஒரு வரிகூட எழுத்தாக இல்லை. எழுந்து கேட்டேன், "இதை நான் எப்படிப் படிப்பது?" என்று. அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். சமீபகால நூல்களுக்குக் காப்புரிமைச் சிக்கல் இருக்கிறது என்றார்கள். பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள 2012இல் திருத்திய நம் காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதற்கான மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான். அதையும் எடுத்துச் சொன்னேன், கைதட்டினார்கள், அமர்வு முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் மதியம் ஒரு மாணவி, யாரும் படிக்கவும் திருத்தவும் முடிகிற இணைய நூலகமான விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பதைச் செய்துகாட்டினாள். ஒரு பக்கம் புத்தகத்தின் படம் இருக்கும், இன்னொரு பக்கம் கணினி அதைப் பார்த்து எழுத்தாக்கியது இருக்கும், பிழையைத் திருத்திச் சேமிக்க வேண்டும். அவள் திருத்தி முடித்த பக்கத்தை என் கணினியில் ஓட விட்டேன். மூன்றாவது வரியிலேயே 'நரடு' என்றது. கொஞ்சம் தள்ளி 'கரலம்'. பழைய அச்சில் ரகரமும் காலும் ஒன்று போலவே இருக்கும், கணினி அங்கேதான் ஏமாறும், திருத்துகிறவர் கண்ணும் அங்கேதான் வழுக்கிக்கொண்டு போகும். காதுக்கு அப்படி இல்லை. நாடு வேறு, நரடு வேறு. "சார், நான் மூணு தடவை பார்த்தேன், எனக்குத் தெரியலியே" என்றாள். அரை மணி நேரத்தில் இருவருமாகச் சேர்ந்து நான்கு பக்கம் முடித்தோம். நான் கேட்டுப் பிழையைச் சொன்னேன், அவள் படத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தினாள்.

அந்த இரண்டு நாளில் எனக்கு வேலை என்று ஒன்று கிடைத்தது அந்த அரை மணி நேரத்தில்தான். மற்ற நேரமெல்லாம் எங்களுக்காக என்ன செய்யலாம் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லை. வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவரை அழைத்துப் பாட வைத்துப் பொன்னாடை போட்டு அனுப்பினார்கள். பாட்டைப் பற்றிய கட்டுரையை அவர் முன்னாலேயே ஆங்கிலத்தில் வாசித்தார்கள். அதில் ஊர்ப் பெயரும் சாமி பெயரும் சரியா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நம் மாவட்டத்தில் எத்தனை கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள்! ஸ்கேன் செய்து வைத்திருக்கும் அச்சு நூல்களை அவர்களிடம் கொடுங்கள், கூட எங்களைப் போன்றவர்களையும் உட்கார வையுங்கள். எனக்குச் சனி, ஞாயிறு ஓய்வுதான். மார்த்தாண்டமோ குளச்சலோ நாகர்கோவிலோ, பஸ் ஏறி நானே வந்துவிடுவேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இணையப் பதிப்பில் இந்தக் கடிதங்கள் பகுதி மட்டும் பக்கப் படமாகவே வருகிறது. அதையும் எழுத்தாகப் போட்டால், இந்தக் கடிதம் அச்சானால் நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்,
தக்கலை